மை பாட்டில், தக்காளி, சிக்கிமுக்கிக் கல்: எடுத்த வேலையை முடித்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா?

போட்டுக்கொள்ள ஒரு நல்ல உடுப்பு கூடக் கைக்கு எட்டாதபடி எல்லாவற்றையும் வைத்துப் பூட்டிவிட்டு நாவல் எழுத உட்கார்ந்த எழுத்தாளர் ஒருவர் இருந்தார், தெரியுமா? விக்டர் ஹ்யூகோதான் அவர்! இடம் பாரிஸ், வருஷம் 1830. பதிப்பாளருக்கு நாவல் தருவதாக ஒப்புக்கொண்டு தவணை மேல் தவணை தாண்டிப் போயிருந்தது. நடுவில் ஜூலைப் புரட்சி வேறு வந்து ஊரையே புரட்டிப் போட்டது. 1831 பிப்ரவரிக்குள் தந்தே ஆக வேண்டும் என்று கடைசிக் கெடு. மனிதர் கடைக்குப் போய் ஒரு பாட்டில் மை வாங்கினார். கழுத்திலிருந்து கால்விரல் வரை மூடுகிற சாம்பல் நிறக் கம்பளி உடுப்பு ஒன்று வாங்கினார். வெளியே போட்டுக்கொண்டு போகிற துணிமணி அத்தனையையும் பூட்டி வைத்தார். இனி வீதியில் இறங்கி உலாத்த ஆசை வந்தாலும் இறங்க முடியாது!

அப்படி எழுதியதுதான் நோத்ர தாம் தேவாலயத்துக் கூனனின் கதை. ஜனவரி நடுவிலேயே முடித்துவிட்டார். கடைசி வரியோடு அந்த பாட்டில் மையும் தீர்ந்துபோக, 'ஒரு மை பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது' என்றே நாவலுக்குப் பெயர் வைத்துவிடலாமா என்று யோசித்தாராம். இந்தக் கதையெல்லாம் அவர் மனைவி அதேல் எழுதிவைத்ததால் நமக்குக் கிடைத்தது.

இன்னும் பின்னால் போங்கள். கிரேக்கத்துப் பேச்சாளர் டெமாஸ்தனீஸ் தலையில் ஒரு பாதியை மட்டும் மழித்துக்கொள்வாராம்! அந்தக் கோலத்தில் வெளியே தலைகாட்ட வெட்கமாக இருக்குமே. அதனால் இரண்டு மூன்று மாதம் நிலவறையிலேயே இருந்து பேச்சுப் பயிற்சி செய்வாராம். புளூட்டார்க் சொல்லும் செய்தி இது.

இந்த மாதிரிக் கதைகளைத் தேடித் தேடிப் படித்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. பெரிய பெரிய வேலைகளை முடித்தவர்கள் யாரும் தங்கள் மன உறுதியை அவ்வளவாக நம்பவில்லை! ஒரு பொருளை நம்பினார்கள். பூட்டு, கடிகாரம், கல், காகிதம், ஒரு தக்காளி... ஆமாம், தக்காளி! வருகிறேன்.

அதற்கு முன்னால் நம் கையில் இருக்கிற பொருளைப் பார்த்துவிடுவோம். மொபைல். அது சத்தம் போடாமல், கவிழ்ந்து, மேஜையில் சும்மா கிடந்தாலே நம் மூளையில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது என்று ஓர் ஆராய்ச்சி சொன்னது, தெரியுமா? ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நடந்து 2017-ல் வெளிவந்தது. ஏறக்குறைய 800 பேர். சிலர் போனை மேஜையில் வைத்தார்கள், சிலர் பையில், சிலர் அடுத்த அறையில். எல்லாருக்கும் ஒரே மாதிரி, முழுக் கவனம் கேட்கிற சோதனை. அடுத்த அறையில் வைத்தவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். மேஜையில் வைத்திருந்தவர்களைக் கேட்டால், 'போன் ஞாபகமே வரவில்லை' என்றார்கள்! பின்னால் இதே சோதனையை மறுபடி செய்து பார்த்த சிலருக்கு இவ்வளவு தெளிவான முடிவு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் காசு செலவில்லாத பரீட்சைதானே? இன்றைக்கே செய்து பார்க்கலாம். நான் போனை அடுத்த அறை பீரோவுக்குள், பள்ளிக்கூட சர்டிபிகேட் வைத்திருக்கும் ஃபைலுக்கு மேலே வைக்கிறேன். எழுந்து போய், சாவி திருகி, எடுத்துப் பார்ப்பதற்குள் எதற்காக எழுந்தோம் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

இதைவிடத் தூக்கிவாரிப்போடுகிற கணக்கு ஒன்று இருக்கிறது. கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகப் பேராசிரியர் குளோரியா மார்க், 2004 வாக்கில் ஆபீஸ்களுக்குப் போய் வேலை செய்கிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று, கையில் ஸ்டாப்வாட்சோடு கணக்கெடுத்தார். கம்ப்யூட்டர் திரையில் ஒரு விஷயத்தின் மேல் ஒருவரின் கவனம் சராசரியாக எவ்வளவு நேரம் நிற்கிறது? அப்போது இரண்டரை நிமிஷம். 2012-ல் எடுத்தால் 75 விநாடி. சமீப வருஷங்களில்? வெறும் 47 விநாடி! ஒரு தம்ளர் காபியை ஆற்றுகிற நேரம் கூட இல்லை. அதில் இன்னொரு வேடிக்கை: நம்மை வெளியாள் வந்து கலைப்பது ஒரு பங்கு என்றால், நாமே நம்மைக் கலைத்துக்கொள்வதும் கிட்டத்தட்ட அதே அளவு. யாருமே கூப்பிடாமல் நாமாகப் போய் எட்டிப் பார்க்கிறோம்.

'எனக்கு ஒரே நேரத்தில் நாலு வேலை பார்க்க வரும்' என்று யாராவது சொன்னால், சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைப் பற்றிச் சொல்லுங்கள். நாகர்கோவில் பக்கத்து இடலாக்குடிக்காரர், 1874-ல் பிறந்தவர். 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா ஹாலில் சபை கூடியிருக்க, நூறு விஷயங்களை ஒருங்கே மனசில் வாங்கி, ஒன்றும் குழம்பாமல் பதில் சொல்லிச் சதாவதானி பட்டம் பெற்றார். முதுகில் விழுகிற நெல்லையோ கல்லையோ எண்ணிக்கொண்டே வெண்பாவுக்கு ஈற்றடி முடிக்கிற கலை அது! அதற்கு எத்தனை வருஷப் பயிற்சி வேண்டியிருந்திருக்கும். அந்தப் பயிற்சி எதுவும் இல்லாமல் ஒரு கையில் வாட்ஸ்ஆப், ஒரு கையில் எக்செல் என்று தினமும் அவதானம் செய்யப் பார்க்கிறோம். 2009-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். ஒரே சமயத்தில் பல திரைகளை மேய்கிற பழக்கம் அதிகமுள்ளவர்கள், தேவையில்லாததை ஒதுக்கித் தள்ளுவதிலும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதிலும் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தார்கள். தாவித் தாவியே பழகியவர்களுக்குத் தாவலும் சரியாக வரவில்லை!

சரி, தக்காளிக்கு வருவோம். 1980-களின் கடைசி. இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற கல்லூரி மாணவருக்குப் பரீட்சை நெருங்குகிறது, படிப்பில் மனசு நிற்கவில்லை. 'பத்தே பத்து நிமிஷம் உண்மையாகப் படிக்க முடியுமா உன்னால்?' என்று தனக்குத்தானே பந்தயம் கட்டினார். நேரம் பார்க்கச் சமையலறையிலிருந்து எடுத்து வந்தது, திருகி வைத்தால் டிக் டிக் என்று ஓடி மணியடிக்கும் ஒரு டைமர். தக்காளி வடிவத்தில் இருந்தது! தக்காளிக்கு இத்தாலிய மொழியில் பொமடோரோ. இன்றைக்கு உலகம் முழுக்க சாஃப்ட்வேர்காரர்களும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் சொல்கிற 'பொமடோரோ' அந்தச் சமையலறைத் தக்காளிதான். 25 நிமிஷம் ஒரே வேலை, 5 நிமிஷம் ஓய்வு. இப்படி நாலு சுற்று போனதும் கொஞ்சம் நீண்ட ஓய்வு.

நானும் ஒரு டைமர் வாங்கினேன். பாத்திரக்கடையில் கிடைத்தது, சாதாரண வட்ட டைமர். போனிலேயே டைமர் இருக்கிறதே என்பீர்கள். போனைத் தொட்டால் போன் நம்மைத் தொட்டுவிடும். இதைத் திருகும்போது விரலுக்குள் ஸ்பிரிங் இறுகுவது தெரிகிறது பாருங்கள், அந்த இறுக்கமே 'ஆரம்பம்' என்று உடம்புக்குச் சொல்லிவிடுகிறது. பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம். நடுவில் 'கேஸ் புக் பண்ணணும்', 'மாமாவுக்குப் போன் போடணும்' என்று ஏதாவது தலைநீட்டினால் அதில் ஒரு கிறுக்கு, மறுபடி வேலை. மணியடித்ததும் காகிதத்தைப் பார்த்தால் ஏழெட்டு அவசரங்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் அந்த நிமிஷமே செய்தாக வேண்டியதாக ஒன்று கூட இதுவரை இருந்ததில்லை!

கடிகாரத்தை வைத்து எழுதியவர்களில் ராஜா யார் தெரியுமா? அந்தோணி டிராலப். 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெரிய நாவலாசிரியர். ஆனால் அவர் முழுநேர எழுத்தாளர் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர்! தெருமுனையில் தூண் மாதிரி நிற்கிற தபால் பெட்டியைப் பிரிட்டனுக்குக் கொண்டுவரச் சொன்னதும் அவரே. 1852-ல் ஜெர்சி தீவில்தான் அது முதன்முதலாக நடப்பட்டது. இத்தனைக்கும் நடுவில் 47 நாவல்!

எப்படி? காலை 5.30-க்கு மேஜையில் இருப்பார். எழுப்பிவிட்டுக் காபி கொண்டுவந்து கொடுப்பதற்கென்றே வீட்டு வேலையாளுக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்த ஆளுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன் என்கிற மாதிரி சுயசரிதையில் நன்றியோடு எழுதியிருக்கிறார். முதல் அரைமணி, முந்தின நாள் எழுதியதைப் படித்துப் பார்ப்பது. அப்புறம் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 வார்த்தை. மறு கால்மணிக்கு இன்னொரு 250. மூன்று மணி நேரம் முடிந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். ஒரு நாவல் முடிந்துவிட்டதா? மறுநாளே அடுத்தது. 'டாக்டர் தார்ன்' முடிந்த மறுநாள் 'தி பெர்ட்ராம்ஸ்' ஆரம்பம். ரயிலில் ஊர் ஊராகத் தபால் ஆபீஸ் சோதனைக்குப் போகும்போது மடியில் சின்ன எழுத்துப்பலகை வைத்துப் பென்சிலால் எழுதுவார். மனைவி அதைப் படியெடுப்பார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் இறந்த மறுவருஷம், 1883-ல், சுயசரிதை வெளிவந்து இந்தக் கால்மணிக் கணக்கு வெளியே தெரிந்ததும் அவருடைய மதிப்பு குறைந்துபோனது! கலைஞன் என்றால் அருள் வந்து எழுத வேண்டாமா, செருப்புத் தைக்கிற மாதிரி மணி பார்த்து எழுதுவதா என்று நினைத்தார்கள். எனக்கு அந்தப் பக்கங்களைப் படிக்கையில் மரியாதைதான் கூடியது. எழுத்தையும் செருப்புத் தொழிலையும் சரிக்குச் சரியாக வைத்துப் பேச அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயும் கணக்குப் பிள்ளைதான், தெரியுமா? கியூபாவில் அவர் வீட்டுச் சுவரில், அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டிய அட்டை ஒன்று இருந்தது. அதில் தினமும் எழுதிய வார்த்தைகளின் எண்ணிக்கை: 450, 575, 462, 1250, 512... தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க அந்த அட்டை. அந்த 1250-க்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. மறுநாள் வளைகுடா நீரோட்டத்தில் மீன் பிடிக்கப் போவதாக இருந்தால் முந்தின நாளே கூடுதலாக எழுதி வைத்துவிடுவார், மனசு உறுத்தாமல் இருக்க!

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அம்மாவின் பால் கணக்கு ஞாபகம் வந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாதக் காலண்டர். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலால் 1, 1, 1½, பால் வராத நாளில் ஒரு பெருக்கல் குறி. மாதம் முடிந்தால் பால்காரரோடு ஒரு வார்த்தை தகராறு வந்ததில்லை. அப்பா எழுதிவைத்த நாலு டைரிகளைப் படியெடுத்துப் புத்தகமாக்குகிற வேலை என்னிடம் இரண்டு வருஷமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. அதே மாதிரிக் காலண்டர் ஒன்றில் தினமும் படியெடுத்த பக்க எண்ணிக்கையை எழுத ஆரம்பித்தேன். 3, 2, பெருக்கல், 4. ஐந்து மாதத்தில் நாலு டைரியும் முடிந்தது. பெருக்கல் குறி இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விழுந்தால் கண்ணில் குத்தும் பாருங்கள், அந்தக் குத்தல்தான் வேலை செய்தது.

ஹெமிங்வேயிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிகிற இடத்தில், கை ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிடுவார். இது ஏன் பலிக்கிறது? பெர்லினில் படித்த புளூமா ஸைகார்னிக் என்ற உளவியல் மாணவி, 1927-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். உணவு விடுதி சர்வர்களைப் பார்த்துப் பிறந்த யோசனை என்பார்கள்: காசு வராத ஆர்டரெல்லாம் சர்வருக்கு மனப்பாடம், பில் கட்டி முடிந்த நிமிஷமே மறந்துபோகிறது! பாதியில் நிறுத்திய வேலைதான் மனசில் அதிகம் தங்குகிறது என்றார் அவர். ஞாபகம் பற்றிய இந்தப் பகுதி எல்லாச் சோதனையிலும் நிற்கவில்லை. ஆனால் அவரோடு படித்த மரியா ஓவ்சியாங்கினா கண்டது இன்னும் பிரமாதம். பாதியில் பிடுங்கிய வேலையை, யாரும் சொல்லாமலே, பரிசும் இல்லாமலே, ஆட்கள் தாங்களாகத் திரும்பிப் போய் முடிக்கிறார்கள்!

இதை நம் தமிழ்ப் பத்திரிகைகள் எப்போதோ தெரிந்து வைத்திருந்தன. 'தொடரும்!' கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரிலிருந்து மூன்றரை வருஷம் வாராவாரம் வந்தது. ஒவ்வொரு வாரமும் ஓடத்திலோ சுரங்கத்திலோ ஆளைத் தொங்கவிட்டுவிட்டு அந்த ஒரு வார்த்தை. அடுத்த இதழுக்குள் எத்தனை வீடுகளில் தவித்தார்கள்! அதையே நமக்கு நாமே செய்துகொள்ளலாமே? சாயங்காலம் நிறுத்தும்போது ஒரு பத்தியை, ஒரு கணக்கை, ஒரு வரைபடத்தைப் பாதியில் விட்டு, அடுத்தது என்ன என்று ஒரே வரி எழுதிவைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். காலையில் வெற்றுக் காகிதத்தின் முன்னால் உட்கார வேண்டியதில்லை. விட்ட இடம் இழுக்கும்.

ஆரம்பிப்பதுதான் கஷ்டம் என்கிறீர்களா? அதற்கு நம் வீட்டிலேயே ஒரு சங்கதி இருக்கிறது: பிள்ளையார் சுழி! மளிகைச் சீட்டானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் மேலே ஒரு 'உ'. பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், காகிதம் வெறுமையாக இருக்கும் பயத்தை அந்த ஒரு சுழி போக்கிவிடுகிறது. பேனா ஏற்கெனவே நகர்ந்துவிட்டதே! ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் இதற்குப் பக்கத்தில் வருகிற ஒன்றைச் சோதித்தார். மாணவர்களிடம் கிறிஸ்துமஸ் முந்தின நாள் மாலை எப்படிக் கழிந்தது என்று இரண்டு நாளைக்குள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். பாதிப் பேரிடம் மட்டும், எந்த நேரம், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். குறித்துக்கொள்ளாதவர்களில் மூன்றில் ஒருவர்தான் சொன்ன நேரத்தில் எழுதினார். குறித்தவர்களில் நாலுக்கு மூன்று பேர்! வித்தியாசம் வெறும் ஒரு வரி: 'இன்ன நேரம் ஆனதும், இன்ன இடத்தில், இதைச் செய்வேன்.' நாளைக்குப் பார்க்கலாம் என்பதற்கும், நாளைக்குக் காலை பூக்காரம்மா குரல் கேட்டதும் ஜன்னலோர மேஜையில் உட்காருவேன் என்பதற்கும் அவ்வளவு தூரம்.

எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மூக்கை மாற்றிய கதையிலிருந்து! மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-ல் ஒரு புத்தகத்தில் எழுதினார். அதைச் சொல்லிச் சொல்லி வந்தவர்கள் 'குறைந்தது' என்பதை வழியில் தொலைத்துவிட்டார்கள். பிறகு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்தார்கள். மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு பழம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் 15 நிமிஷ ஓட்டம், இப்படிச் சின்னச் சின்னப் பழக்கங்கள். தானாக வருகிற அளவு படிய ஆன காலத்தின் நடுக்கணக்கு 66 நாள். சிலருக்கு 18 நாளே போதும். சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது! ஆகவே மூன்று வாரத்தில் வராவிட்டால் நம்மிடம் குறை என்று ஒடிந்துபோக வேண்டாம். அதோடு ஒரு நல்ல சேதி: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் ஒன்றும் கலைந்துவிடவில்லை. அம்மாவின் காலண்டரில் அந்த ஒற்றைப் பெருக்கல் குறி மாதிரி.

இப்போது என்னை மிகவும் மலைக்கவைத்த ஒன்று. ஜப்பான் ரயில் ஓட்டுநர்கள் வேறு ஆளில்லாத ஓட்டுநர் அறையில் தமக்குத்தாமே சத்தமாகப் பேசிக்கொண்டு, விரலை நீட்டி நீட்டிக் காட்டுவார்கள், பார்த்திருக்கிறீர்களா? ஷிசா கான்கோ என்று பெயர். சிக்னலைப் பார்த்தால் மட்டும் போதாது. வெள்ளைக் கையுறை போட்ட விரலால் அதைச் சுட்டி, 'புறப்பாட்டு சிக்னல், பச்சை' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேகமானியைச் சுட்டிச் சொல்ல வேண்டும். நேர அட்டவணையைச் சுட்டிச் சொல்ல வேண்டும். கண், கை, வாய், காது நாலையும் ஒரே விஷயத்தில் கொண்டுவந்து நிறுத்துகிற வித்தை! அந்த நாட்டு ரயில்வே ஆய்வு நிறுவனம் 1990-களில் சோதித்ததில், இப்படிச் செய்தால் தவறுகள் ஏறக்குறைய 85 சதவீதம் குறைந்தன.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ரயிலின் என்ஜினிலும் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் ஒவ்வொரு சிக்னலின் நிறத்தையும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொண்டேதான் வருகிறார்கள். ராத்திரி நாம் மேல்பெர்த்தில் போர்த்திக்கொண்டு தூங்கும்போது, முன்னால் இரண்டு குரல்கள் 'கிரீன்' என்று ஒன்று சொல்ல, 'கிரீன்' என்று இன்னொன்று திருப்பிச் சொல்ல, விடிய விடிய ஓடுகிறது வண்டி. நினைத்தாலே மெய்சிலிர்க்கிறது! வீட்டைப் பூட்டும்போது 'பூட்டியாச்சு' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பாதி வழியில் அந்தச் சந்தேகம் வராது. பெரிய மெயில் அனுப்புமுன் பெறுநர் பெயர், இணைப்பு, தேதி மூன்றையும் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள்.

விமானிகளின் சரிபார்ப்புப் பட்டியல் பிறந்தது, உயிரைப் பலிகொண்ட ஒரு விபத்தில்தான். 1935 அக்டோபர் 30, ஓஹாயோவின் ரைட் ஃபீல்டு. அமெரிக்க ராணுவத்துக்காக போயிங் செய்த 299 என்ற நாலு என்ஜின் விமானம் எழும்பியது, தலைதூக்கியது, விழுந்து எரிந்தது. ஓட்டிய மேஜர் பிளாயர் ஹில் தேர்ந்த விமானி. இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் ஆடாமலிருக்கப் போடும் ஒரு பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள், அவ்வளவுதான்! இன்னும் கெட்டிக்கார விமானியைத் தேடுவதற்குப் பதிலாக ராணுவ விமானிகள் ஒரு காகிதம் எழுதினார்கள். புறப்படுமுன் என்னென்ன, இறங்குமுன் என்னென்ன என்று சின்னப் பட்டியல். அதே விமானம்தான் பி-17 என்ற பெயரில் பிறகு 12,700-க்கு மேல் செய்யப்பட்டது.

அந்தக் காகிதம் ஆபரேஷன் தியேட்டருக்குள்ளும் போனது. 2008-ல் உலக சுகாதார நிறுவனம் 19 விஷயங்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கொண்டுவந்தது. முன்னின்று செய்தவர் டாக்டர் அதுல் கவாண்டே. புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் பார்த்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின்னான மரணங்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தன! அந்தப் பட்டியலில் ஒரு வரி என்ன தெரியுமா? கத்தியை எடுக்குமுன் அறையிலுள்ள எல்லாரும் தங்கள் பெயரையும் தங்கள் வேலையையும் சொல்ல வேண்டும். மறுபடியும் வாய்விட்டுச் சொல்லுதல்!

பட்டியல் இருந்தாலும், வேலை முடிய எவ்வளவு நாளாகும் என்று நாம் போடுகிற கணக்கு ஏன் எப்போதும் பொய்க்கிறது? 1994-ல் கனடாவில் உளவியல் மாணவர்களிடம், ஆய்வுக் கட்டுரையை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள்? 49 என்றார்கள். உண்மையில் ஆனது 55! கெட்டதிலும் கெட்டதாக நினைத்ததை விடவும் அதிகம். சிட்னி ஓபரா ஹவுஸை 1963-ல் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடித்துவிடலாம் என்றார்கள். 1973-ல், 10 கோடிக்கு மேல் செலவாகி முடிந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் தையற்கடையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதற்குத் தெரிந்த ஒரே மருந்து, போன தடவை இதே மாதிரி வேலைக்கு எத்தனை நாள் ஆனது என்று பழைய காலண்டரைப் புரட்டிப் பார்ப்பது. மனசு சொல்கிற நாளை நம்பாமல் காலண்டர் சொல்கிற நாளை எழுதிக்கொள்ளுங்கள்.

மேஜையில் ஒரு ரப்பர் வாத்து வைத்திருக்கிற புரோகிராமர்களைத் தெரியுமா? 1999-ல் வந்த 'தி பிராக்மேடிக் புரோகிராமர்' புத்தகத்தால் பரவிய பழக்கம். எங்கேயோ சிக்கிக்கொண்டால், எழுதிய நிரலை வரிவரியாக வாத்துக்கு விளக்குவார்கள். பாதி விளக்கத்திலேயே, 'அட, இங்கேதானே தப்பு!' என்று பிடிபட்டுவிடும். வாத்துதான் வேண்டுமென்பதில்லை. எங்கள் வீட்டில் ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை இருக்கிறது. அது ஆமோதிக்கவும் செய்யும்.

கோழித்தூக்கத்துக்கும் இடம் உண்டு. எடிசன் கையில் உலோக உருண்டையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் கண்ணயர்வார், தூக்கம் ஆழமானதும் உருண்டை விழுந்து எழுப்பிவிடும் என்று சொல்வார்கள். 2021-ல் பாரிஸ் ஆராய்ச்சியாளர்கள் இதையே செய்து பார்த்தார்கள். ஒரு கணக்குப் புதிருக்குள் மறைந்திருந்த குறுக்குவழியை, விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம் பேர் கண்டுபிடித்தார்கள்; தூக்கத்தின் முதல் படியில் வெறும் 15 விநாடியாவது நின்று திரும்பியவர்களில் 83 சதவீதம் பேர்! அதைத் தாண்டி ஆழ்ந்து தூங்கியவர்களுக்கு அந்தப் பலன் போய்விட்டது.

கடைசியாக, கல். சார்லஸ் டார்வின் தன் டவுன் கிராமத்து வீட்டுக்குப் பின்னால் மணல் நடை என்று ஒரு பாதை போட்டிருந்தார். யோசிக்க வேண்டியது இருந்தால் அதில் சுற்றி வருவார். சுற்றை எண்ணிக்கொண்டிருந்தால் யோசனை கெடுமே? பாதையோரம் சிக்கிமுக்கிக் கற்களைக் குவித்து வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கல்லைக் காலால் தள்ளிவிடுவார். எண்ணுகிற வேலை கல்லுக்கு, யோசிக்கிற வேலை தலைக்கு! உடம்பு எப்போதும் சுகமில்லாத மனிதர். காலை எட்டிலிருந்து ஒன்பதரை, பத்தரையிலிருந்து பன்னிரண்டு, அவ்வளவுதான் அவர் முக்கிய வேலை நேரம். அந்தச் சொற்ப நேரத்தைத் தவறாமல் வைத்தே, படகின் அடியிலும் கடற்பாறையிலும் அப்பிக்கொண்டு கிடக்கும் பார்னக்கிள் என்ற சின்னஞ்சிறு உயிரை 1846-லிருந்து 1854 வரை எட்டு வருஷம் ஆராய்ந்தார். தினமும் அதே மேஜை, அதே மைக்ரோஸ்கோப், அதே பார்னக்கிள். பிள்ளைகள் பிறந்ததிலிருந்து அதைத்தான் பார்த்து வளர்ந்தார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, டார்வினின் குழந்தைகளில் ஒன்று அக்கறையாகக் கேட்டதாம்: "அவர் எந்த இடத்தில் உட்கார்ந்து பார்னக்கிள் பார்ப்பார்?"